இறுக்க இறுக்க ஆடிய தூண்: ஒரு ஃபைபர் படகின் முன்தளப் பழுது

நாகப்பட்டினம் கரையில் ஓடும் 28 அடி ஃபைபர் படகு அது. டீசல் லாங்டெயில் எஞ்சின், நான்கு பேர் தொழில், செவுள் வலை. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், சின்னதாக ஒரு மூடிய முன்தளம். அதன் நடுவில் நங்கூரக் கயிறு கட்டுவதற்கு ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தூண். இரண்டு அங்குலக் குழாயை 150 மி.மீ. சதுர அடித்தட்டில் வெல்டிங் செய்து, நான்கு 10 மி.மீ. போல்ட்டால் தளத்தில் இறுக்கியிருந்தார்கள். அந்தத் தூண் ஆட ஆரம்பித்துவிட்டது என்பதுதான் புகார். கூடவே இரண்டு சில்லறைப் புகார்கள்: பக்கவாட்டு வலை உருளை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, விளக்குக் கம்பம் நடுங்குகிறது.

உரிமையாளர் சொன்னது ஒரே வாக்கியம்: “தம்பி, போல்ட்டை நல்லா இறுக்கிக் குடுத்தாப் போதும்.”

இறுக்கிப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் பல தடவை. முதலில் இருந்தவை மரத்துக்குப் போடும் ஸ்குரூக்கள். அவை வழுவியதும் அதைவிடப் பருமனான ஸ்குரூ போட்டார்கள். அதுவும் பிடிக்காமல் போனதும் துளையைக் கீழே வரைக்கும் விட்டு போல்ட்டும் நட்டும் போட்டார்கள். அடுத்து சுற்றிலும் சிலிக்கான் தடவினார்கள், பிறகு எபாக்சி புட்டியை அப்பினார்கள். ஒவ்வொன்றும் கொஞ்ச நாள் பிடித்தது, அப்புறம் விட்டது. நட்டை இறுக்க இறுக்க அடித்தட்டு தளத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தட்டைச் சுற்றி ஒரு குழி விழுந்து, அதில் தண்ணீர் நின்றது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தக் குழிதான். இறுக்கும்போது தளம் அமுங்குகிறது என்றால், போல்ட்டுக்குக் கீழே கெட்டியாக எதுவும் இல்லை என்று அர்த்தம்.

ஆட்டம் எங்கே?

ஒரு பொருள் ஆடுகிறது என்று சொல்லும்போது மூன்று வேறு விஷயங்கள் அதில் கலந்துவிடும். பொருள் போல்ட்டின் மேல் ஆடலாம், போல்ட் தன் துளைக்குள் ஆடலாம், இல்லையென்றால் போல்ட்டோடு சேர்ந்து தளமே ஆடலாம். முதலாவதற்கு ஸ்பானர் போதும். இரண்டாவதற்குத் துளையைச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவதற்குத் தளத்தைத் திறக்காமல் வழியில்லை. எது என்று தெரிந்துகொள்ள இரண்டு ஆள் போதும். ஒருவர் மேலே நின்று தூணைப் பிடித்து ஆட்ட, மற்றவர் டார்ச்சோடு முன்தளத்துக்கு அடியில் நுழைந்து பார்க்க வேண்டும். நான் அடியில் போனேன். போல்ட் முனைகள் ஆடின. அவற்றைச் சுற்றிய கீழ்த்தோலும் (நடுவில் மரம் வைத்த தளத்தின் அடிப்பக்கக் கண்ணாடி இழை அடுக்கு) மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. ஒரு போல்ட்டின் ஓரத்திலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்து வந்தது.

அடுத்து தட்டிப் பார்த்தோம். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தூணிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் ‘டங்’ என்று கெட்டியாகக் கேட்கும். உள்ளே மரம் விட்டுப்போன இடத்தில் ‘தொப்’ என்று கேட்கும். ஓசை மாறும் இடங்களில் சாக்பீஸால் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டோம். கோடு வட்டமாக வரவில்லை. தூணின் இடது பக்கம் ஒரு சாண், வலது பக்கம் அதைப்போல இரண்டு மடங்கு. படகைக் கரையில் ஏற்றி வைக்கும்போது அது வலது பக்கம் சாய்ந்து நிற்கும் வழக்கம், அதனால் மழைத்தண்ணீர் அந்தப் பக்கமாக ஓடி ஊறியிருக்கிறது.

சாக்பீஸ் கோட்டை நம்பி வெட்டிவிடக் கூடாது. அடியிலிருந்து 3 மி.மீ. டிரில்லால் நான்கைந்து இடத்தில் கீழ்த்தோலை மட்டும் தாண்டித் துளை போட்டு, வரும் தூளைப் பார்த்தோம். காய்ந்த வெளிர்த் தூள் வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. கறுத்த, விரலில் ஒட்டும், புளித்த வாடை வீசும் தூள் வந்தால் போய்விட்டது. கோட்டுக்கு உள்ளே எல்லாம் கறுப்பு. கோட்டுக்கு வெளியே நான்கு விரல் தள்ளியும் ஓரிடத்தில் ஈரம் இருந்தது.

ஏன் இப்படி ஆகிறது

இந்த மாதிரிப் படகுகளில் முன்தளம் மூன்று அடுக்கு. மேலே கண்ணாடி இழைத் தோல், நடுவில் பிளைவுட், கீழே இன்னொரு தோல். இதில் 3 மி.மீ., 12 மி.மீ., 2 மி.மீ. இருந்தன. மிதிப்பதற்கு இது அருமையான அமைப்பு. எடை குறைவு, வளையாது. ஆனால் ஒரே இடத்தில் மேலே பிடித்து இழுக்கும் பொருளை இதில் பொருத்தினால், இழுவை முழுவதும் நடுமரத்தின் தலையில் விழும். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவும் கடனிலும் ஃபைபர் படகுகள் இந்தக் கரை நெடுகப் பெருகின. அவசரத்தில் கட்டியவற்றில் உள்ளே என்ன மரம் வைத்தார்கள் என்பது வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். இதில் இருந்தது சாதாரண வணிகப் பிளைவுட். கொதிநீர் தாங்கும் பசை போட்ட, ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் கொண்ட மரைன் பிளைவுட்டாக இருந்திருந்தால் இத்தனை சீக்கிரம் அடுக்கு பிரிந்திருக்காது. ஆனாலும் தண்ணீர் உள்ளே போகவிட்டால் அதுவும் ஒருநாள் போகும்.

தண்ணீர் போனது ஸ்குரூத் துளை வழியாக. மேல்தோலில் போட்ட துளைக்குள் பிளைவுட்டின் வெட்டுமுனை திறந்தபடி இருக்கிறது. மரம் தண்ணீரைக் குடிப்பது அந்த முனையில்தான். இதில் பலர் எதிர்பார்க்காத சங்கதி ஒன்று உண்டு: மரத்தை அதிகம் அழுக வைப்பது கடல்தண்ணீர் அல்ல, மழைத்தண்ணீர். உப்பு பூஞ்சையை ஓரளவு தடுத்துவைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயலுக்குப் பயந்து படகைக் கரையேற்றி வைக்கும் வாரங்களில்தான் முன்தளம் உள்ளுக்குள் அழுகுகிறது.

ஒரு கணக்கு

நங்கூரம் போட்டு நிற்கும்போது அலை தூக்கி அடிக்கும் அடியையோ, எஞ்சின் நின்றுபோய் இன்னொரு படகு இழுத்துவரும் இழுவையையோ 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இது என் அனுமானம். இந்த அளவுப் படகுக்கு மிகையில்லை. கயிறு தளத்திலிருந்து 150 மி.மீ. உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. தூண் அணியப் பக்க விளிம்பில் ஊன்றிக்கொண்டு முன்னால் கவிழப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது பின்பக்க போல்ட்டுகள் இரண்டும்தான். ஊன்றும் விளிம்பிலிருந்து அவை 130 மி.மீ. தூரத்தில் இருக்கின்றன. 500-ஐ 150-ஆல் பெருக்கி 130-ஆல் வகுத்தால் சுமார் 580 கிலோ. ஒரு போல்ட்டுக்கு 290.

தரமான 10 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட் இரண்டு டன்னுக்கு மேல் இழுத்தால்தான் நீளவே ஆரம்பிக்கும். ஆகவே போல்ட்டைப் பருமனாக்குவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. இப்போது வாஷரைப் பாருங்கள். சாதாரண 10 மி.மீ. வாஷரின் விட்டம் 20 மி.மீ., துளை போக மிச்சப் பரப்பு ஏறத்தாழ 2.3 சதுர செ.மீ. அந்தத் துக்கடா பரப்பு 290 கிலோவைத் தாங்க வேண்டும் என்றால் சதுர செ.மீ.க்கு 125 கிலோ வருகிறது. 2 மி.மீ. தோலும் ஊறிய பிளைவுட்டும் அதைத் தாங்காது, நசுங்கும். நசுங்கினால் நட் தளரும், தளர்ந்தால் தண்ணீர் போகும், தண்ணீர் போனால் இன்னும் நசுங்கும். வாஷருக்குப் பதிலாக 200 மி.மீ. சதுரத் தட்டு ஒன்றை அடியில் வைத்தால், பாதித் தட்டுதான் சுமை வாங்குகிறது என்று கஞ்சத்தனமாகக் கணக்குப் போட்டாலும் சதுர செ.மீ.க்கு 3 கிலோதான் வரும்.

இதே கணக்கில் பைசா செலவில்லாத இன்னொரு வைத்தியமும் இருக்கிறது. கயிறு 150 மி.மீ.க்குப் பதில் 50 மி.மீ. உயரத்தில் இருந்தால் போல்ட்டின் மேல் வரும் இழுவை மூன்றில் ஒரு பங்காகிவிடும். தூணின் குறுக்குக் கம்பி உயரத்தில் இருந்ததால் ஆட்கள் கயிற்றையும் அங்கேயே சுற்றினார்கள். அதை வெட்டி, 90 மி.மீ. உயரத்தில் திரும்ப வெல்டிங் செய்து, மேலே மிஞ்சிய குழாயை அறுத்தே எடுத்துவிட்டோம். நீளமாக இருந்தால் மறுபடியும் மேலேதான் சுற்றுவார்கள்.

திறந்தபோது

வேலைக்கு எடுத்துக்கொண்டது ஆனி மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில்தான் ஃபைபர்காரர்களுக்கு மீன் விலை கிடைக்கும். அப்போது படகை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கவும் வேண்டியதில்லை. ஆனியில் வெயிலும் கச்சான் காற்றும் சேர்ந்து மரத்தைக் காய வைக்கும் என்பது கூடுதல் லாபம்.

கிரைண்டரில் மெல்லிய வட்டு போட்டு மேல்தோலை மட்டும் செவ்வகமாக வெட்டி, பெயர்த்து எடுத்து வைத்தோம். அதை எறியக் கூடாது, திரும்ப ஒட்டுவதற்கு வேண்டும். அடியில் இருந்த பிளைவுட் கரண்டியால் வாரும் பதத்தில் இருந்தது. நல்ல மரம் தென்படும் வரை உளியால் எடுத்துக்கொண்டே போனோம். சாக்பீஸ் கோட்டைத் தாண்டி நான்கு விரல், ஓரிடத்தில் ஆறு விரல்.

கழற்றிய போல்ட்டுகளைத் துடைத்துப் பார்த்தபோது இரண்டின் இடுப்பு ஒடுங்கியிருந்தது. தலை பளபளவென்று இருக்கிறது, நட் பக்கமும் பரவாயில்லை, மரத்துக்குள் இருந்த பகுதி மட்டும் அரித்துப் பள்ளம் பள்ளமாக. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துருவிலிருந்து காப்பது அதன் மேலிருக்கும் மெல்லிய குரோமிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். ஊறிய மரத்துக்குள் காற்று இல்லை, உப்பு மட்டும் இருக்கிறது. அதனால்தான் வெளியே நிற்கும் கம்பி வருஷக்கணக்கில் மின்னும்போது உள்ளே இருக்கும் போல்ட் சத்தமில்லாமல் மெலிகிறது. கால்வனைஸ் செய்த சாதாரண போல்ட்டாவது துரு வடித்துக் காட்டிக்கொடுக்கும்.

கடைகளில் காந்தத்தை வைத்துக் காட்டி ‘ஒட்டலை பாருங்க, நல்ல ஸ்டீல்’ என்பார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகளில் 304-லும் ஒட்டாது, 316-லும் ஒட்டாது, மட்டமான 202-லும் ஒட்டாது. கடலுக்கு வேண்டியது 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316. போல்ட்டின் தலையில் ‘ஏ4’ என்று பொறித்திருக்கிறதா என்று பார்ப்பது காந்தத்தைவிட நம்பகமானது.

திரும்பக் கட்டியது

முதலில் பள்ளத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினோம். காய வைக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் விடுவதைப் பார்த்து உரிமையாளருக்குக் கோபம் வந்தது, நியாயம்தான். ஆனால் உப்பு உள்ளே இருந்தால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை வெயில் அடித்தாலும் காயாது. கழுவியபின் பகலில் வெயிலில் விட்டு, மாலையில் பனி இறங்குமுன் தார்ப்பாய் போட்டு மூடினோம். ஓரத்தில் பிளாஸ்டிக் தாள் ஒன்றை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவைத்து, அதன் அடியில் வியர்க்காத நாள் வரும்வரை ரெசின் (கண்ணாடி இழையில் ஊற்றி இறுக வைக்கும் பிசின்) டின்னைத் திறக்கவில்லை.

தூணுக்கு அடியில் மறுபடி பிளைவுட் வைக்க நான் சம்மதிக்கவில்லை. தூணை நடுவாக வைத்து 300 மி.மீ. சதுரத்துக்கு முழுக்க முழுக்கக் கண்ணாடி இழையாகவே கட்டினோம். 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு அந்த எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு) ஒரு அடுக்கு காய்ந்தால் ஏறத்தாழ 1 மி.மீ. கனம் வரும், ஆகவே 12 மி.மீ.க்கு 12 அடுக்கு. மொத்தத்தையும் ஒரே மூச்சில் போட்டுவிடலாம் என்று உதவிக்கு வந்த பையன் சொன்னான். பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது சூடு கிளப்பும். கனமாகப் போட்டால் அந்தச் சூட்டில் தானே வெடித்துக் கீறல் விடும், சில சமயம் புகையும். மூன்று நான்கு அடுக்காகப் போட்டு, சூடு தணிந்தபின் அடுத்தது. சுற்றியுள்ள மிச்சப் பகுதிக்கு மரைன் பிளைவுட். அதன் நான்கு ஓரங்களுக்கும் முதலில் ரெசினைக் குடிக்கக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வைத்தோம்.

ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரின் அளவு பற்றி ஒரு வார்த்தை. நாகை வெயிலில் 1 சதவீதமே போதும், அதற்கும் சீக்கிரம் இறுகிவிடும். அதற்காக அரை சதவீதம் கால் சதவீதம் என்று குறைத்தால் ரெசின் கடைசிவரை முழுசாக இறுகாது. குறைக்க வேண்டியது ஹார்டனரை அல்ல, ஒரு தடவை கலக்கும் ரெசினை. விடியற்காலையில் பனித்துளி இருக்கும், மத்தியானம் கலக்கும்போதே கட்டியாகும். எங்களுக்கு வாய்த்தது இரண்டுக்கும் நடுவில் ஒரு காலைப்பொழுது. இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரைத் தனியாக வாங்கிக் கலப்பவர்கள், அதை ஹார்டனரோடு நேரடியாகச் சேர்த்துவிடக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டு, அப்புறம்தான் ஹார்டனர். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஹார்டனர் பாட்டிலைத் தொட வேண்டாம். கண்ணில் ஒரு சொட்டு பட்டால் பார்வைக்கே ஆபத்து.

எடுத்து வைத்த மேல்தோலின் அடிப்பக்கத்தைக் கிரைண்டரால் சுரண்டி, இழைத்தூள் கலந்த ரெசின் பசை பரப்பி, திரும்ப உட்கார வைத்து மணல் மூட்டைகளை அடுக்கினோம். வெட்டிய கோட்டின் இரு பக்கமும் தோலின் கனத்தைப் போல 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்து, மேலே மேட் போட்டு இணைத்தோம். சரிவு இல்லாமல் மேலோடு ஒரு பட்டை ஒட்டினால் அது பார்க்கத்தான் நன்றாக இருக்கும்.

போல்ட்டும் சீலன்ட்டும்

அடித்தட்டுக்கு அடியில் 10 மி.மீ. உயரத்தில் ஒரு கண்ணாடி இழைத் திண்டு கட்டினோம், தண்ணீர் தேங்கினாலும் துளை வாய்க்கு எட்டாமல் இருக்க. கீழே 200 மி.மீ. சதுரம், 6 மி.மீ. கனத்தில் 316 தட்டு, மூலைகளை உருட்டி. கூர் மூலை இருந்தால் தளம் வளையும்போது அந்த இடத்தில்தான் கீறும். கீழ்த்தோல் கையால் போட்டது, மேடும் பள்ளமுமாக இருக்கும். தட்டை அப்படியே வைத்தால் இரண்டு மூன்று புள்ளியில்தான் தொடும். எபாக்சியில் தூள் கலந்து வெண்ணெய்ப் பதத்தில் தடவி அதன்மேல் தட்டை அமர்த்தினோம். பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும். எபாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது, ஆகையால் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

துளை 10.5 மி.மீ. மேல் வாயை மட்டும் லேசாகக் குடைந்து அகலப்படுத்தினோம். போல்ட்டைச் சுற்றி அந்தக் குடைவில் தங்கும் சீலன்ட்தான் (தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் பசை) நிஜமான அடைப்பு. தட்டையாக இறுக்கினால் சீலன்ட் முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும். பயன்படுத்தியது பாலியூரித்தேன். வினிகர் வாடை வீசும் சிலிக்கானை நான் படகின் தளத்தில் சேர்ப்பதில்லை. அது விட்டபின் அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. முந்தைய சிலிக்கானைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் வீணாய்ப் போனது.

முதலில் சீலன்ட் கொஞ்சம் பிதுங்கும் அளவுக்கு மட்டும் இறுக்கி விட்டுவிட்டு, அது ரப்பர் பதத்துக்கு வந்தபின் முழு இறுக்கம். இரண்டாவது தடவை போல்ட்டின் தலை அசையவே கூடாது. மேலே ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, கீழே நட்டை மட்டும் திருப்ப வேண்டும். தலை சுழன்றால் சீலன்ட் அறுந்துவிடும். நைலான் வளையம் உள்ள நட், மரைகளில் கிரீஸ். ஸ்டெயின்லெஸ் நட்டை உலர்வாக வேகமாக முறுக்கினால் பாதியிலேயே கடித்துக்கொண்டு நின்றுவிடும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

உருளை, கம்பம், ஐஸ் பெட்டி

வலை உருளையின் தாங்கிகள் படகின் விளிம்பில் மர ஸ்குரூவால் பிடிக்கப்பட்டிருந்தன. அவற்றையும் போல்ட்டாக மாற்றி, விளிம்புக்கு அடியில் நீளப் பட்டை கொடுத்தோம். விளக்குக் கம்பத்தின் பிரச்சினை வேறு. அங்கே இழுவை இல்லை, எஞ்சின் நடுக்கம் மட்டும்தான். அடியில் ரப்பர் வைத்து, கம்பத்தின் நடு உயரத்தில் இன்னொரு பிடிமானம் கொடுத்ததும் நின்றது.

ஐஸ் பெட்டியையும் போல்ட் போட்டுத் தளத்தில் பிடித்துவிடச் சொன்னார் உரிமையாளர். மறுத்துவிட்டேன். ஒவ்வொரு துளையும் தண்ணீருக்குத் திறந்துவிடும் ஒரு வாசல். பெட்டியைத் தினமும் கழுவ வேறு தூக்க வேண்டும். விளிம்பில் ஏற்கெனவே இருந்த வளையங்களில் இரண்டு பட்டைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினால் போதும். அலை அடிக்கும்போது சறுக்காமல் இருக்கப் பெட்டிக்கடியில் பழைய டயர் ரப்பர்.

மழைக்குப் பிறகு

தை மாதம் போய்ப் பார்த்தேன். வடகிழக்குப் பருவமழை முடிந்திருந்தது, படகு கரையில் கிடந்த நாட்களும் அதில் சேரும். தூண் அசையவில்லை. தட்டிப் பார்த்ததில் எங்கும் ஒரே ஓசை. அடித்தட்டில் துருக் கோடு இல்லை, கீழே போல்ட் முனைகள் காய்ந்திருந்தன. ஆட்கள் கயிற்றைக் கீழேயே சுற்றப் பழகியிருந்தார்கள், வேறு வழியும் இல்லை.

உருளைதான் எனக்குத் திருப்தியில்லை. முன்பக்கத் தாங்கியின் ஓரத்தில் ஜெல்கோட்டில் (ஃபைபரின் மேல் வழவழப்பான வெளிப்பூச்சு) முடி கனத்துக்கு ஒரு கீறல். வலையை நேராக இழுக்காமல் அணியப் பக்கம் சாய்த்து இழுக்கும்போது சுமை முன் தாங்கிக்கே போகிறது, நான் கொடுத்த பட்டை அதற்கு நீளம் பற்றவில்லை. கீறலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தோம். கோட்டைத் தாண்டினால் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். தாண்டாவிட்டாலும் அடுத்த ஆனியில் அந்தப் பட்டையை எடுத்துவிட்டு, இரண்டு தாங்கிக்கும் சேர்த்து ஒரே நீளப் பட்டையாகப் போட வேண்டும்.